விதையாத அறுவடை: நம் கரையின் கடல் வேட்டை வரலாறு



நமது பங்கு ஐம்பதாம் ஆண்டை நிறைவு செய்யும் இந்நன்னாளில், விழா மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை எழுதித் தர வேண்டும் என்று மலர்க் குழுவினர் நம்மைக் கேட்டுக் கொண்டனர். கோயில் எழுந்த வரலாறும், இங்கே பணியாற்றிய குருக்கள், கன்னியர், உபதேசியார் ஆகியோரின் பட்டியலும் இம்மலரின் வேறு பக்கங்களில் இடம் பெறுகின்றன. ஆகவே நாம் வேறொன்றை எழுத எண்ணினோம். இக்கோயிலின் கல்லும் சுண்ணாம்பும், மணியும் தேரும் எதனால் வந்தன? கடலில் பிடித்த மீனால் வந்தன. அந்த மீன் எவ்வாறு பிடிக்கப்பட்டது, எவ்வாறு பகிரப்பட்டது, எந்த நாளில் பிடிக்காமல் விடப்பட்டது என்பவையும் திருச்சபை வரலாற்றின் ஏடுகளே ஆகும். அவற்றைச் சுருக்கமாகக் கூறி, இன்று நம் முன் நிற்கும் ஒரு கேள்விக்கும் விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கடல் வயல் அன்று

உழவன் விதைக்கிறான், நீர் பாய்ச்சுகிறான், பிறகு அறுக்கிறான். ஆடு மாடு வளர்ப்பவன் தீனி கொடுத்து வளர்க்கிறான். கடலுக்குச் செல்பவனோ தான் விதைக்காததையும் வளர்க்காததையும் எடுத்து வருகிறான். காட்டில் வேட்டையாடியும், தேனும் கிழங்கும் தேடியும் வாழ்ந்த ஆதி மனிதரின் தொழில் இன்றைக்கும் பெருமளவில் எஞ்சி நிற்பது கடலில்தான். 'பாடு' என்று நம் மக்கள் சொல்லும் சொல்லே இதற்குச் சான்று. உழவனுக்கு விளைச்சல் உண்டு. நமக்கு மீன்பாடு உண்டு. விளைச்சலை ஓரளவு முன்கூட்டிச் சொல்லலாம். பாடு பட்டால்தான் தெரியும்.

ஆயினும் இது அறிவில்லாத் தொழில் என்று எவரும் எண்ணிவிடலாகாது. இலேசான மரத் துண்டுகளைக் கயிற்றால் பிணைத்துச் செய்த கட்டுமரத்தின் பெயரை ஆங்கிலேயர் தம் மொழியிலேயே ஏற்றுக் கொண்டனர். கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களை உலர்த்தி, மறுநாள் மீண்டும் கட்டிக் கொண்டு செல்லும் அந்த எளிய கலத்தில் நம் முன்னோர் அலைகடலைக் கடந்தனர். வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றைப் பெயரிட்டு அறிந்தனர். நீரின் ஓட்டத்தை 'நீவாடு' என்று கண்டு அதற்கேற்ப வலை விட்டனர். மீன் தங்கும் கடலடிப் பாறைத் திட்டு 'பார்' எனப்படும். மேலே நின்றால் அது கண்ணுக்குத் தெரியாது. தொலைவில் தெரியும் மலையையும் கோயில் கோபுரத்தையும் ஒரு நேராகப் பிடித்து, பனங்கூட்டத்தையும் தேரி மணலையும் வேறொரு நேராகப் பிடித்து, இரண்டும் கூடும் இடத்தில் தூண்டில் இறக்கினர். கோயில் கோபுரம் நம் மக்களுக்குச் செபத்திற்கு மட்டுமன்றித் தொழிலுக்கும் வழிகாட்டியாக இருந்தது என்பதை இளையோர் அறிந்து கொள்ளல் நன்று.

ஜூபிலி என்றால் என்ன?

'ஜூபிலி' என்னும் சொல்லை நாம் அலங்கார வளைவிலும் அழைப்பிதழிலும் அச்சிடுகிறோம். அதன் பொருளை லேவியராகமம் 25-ஆம் அதிகாரம் விளக்குகின்றது. ஏழாண்டுக்கு ஒருமுறை நிலத்திற்கு ஓய்வு. ஏழு ஏழாண்டுகள் கழிந்து வரும் ஐம்பதாம் ஆண்டு ஜூபிலி ஆண்டு. அவ்வாண்டிலே விதைக்கலாகாது, களஞ்சியம் நிரப்ப அறுக்கலாகாது. அடிமைப்பட்டவன் விடுதலை பெறுவான். விற்கப்பட்ட நிலம் பழைய குடும்பத்திற்குத் திரும்பும். அவ்வாண்டில் மக்கள் எதை உண்பர்? நிலம் தானாகத் தருவதை உண்பர். ஓய்வாண்டில் நிலம் தருவதை ஏழைகள் உண்ணட்டும், மீதியைக் காட்டு விலங்குகள் உண்ணட்டும் என்று யாத்திராகமம் 23-ஆம் அதிகாரம் கூறுகின்றது.

அஃதாவது, உழுது பயிரிட்ட ஓர் இனம் ஜூபிலி ஆண்டில் மட்டும், விதையாததை உண்டு இறைவனின் கையை எதிர்பார்த்து வாழ வேண்டியிருந்தது. கடலோர மக்களாகிய நாமோ ஆண்டுதோறும் நாள்தோறும் அப்படித்தான் வாழ்கிறோம். இது நமக்குப் பெருமை. ஆனால் ஜூபிலியின் மற்றப் பாதியையும் மறக்கலாகாது. விதையாததை உண்பவனுக்கு மூன்று கடமைகள் உண்டு: ஓய்வு கொடுப்பது, ஏழைக்குப் பங்கு வைப்பது, மறு ஆண்டிற்கு மிச்சம் விடுவது. இம்மூன்றும் நம் கரையில் எப்படி இருந்தன, எப்போது தளர்ந்தன என்பதே இனி நாம் காணப்போவது.

திருச்சபையும் வேட்டையும்

வேட்டையைப் பற்றித் திருச்சபைச் சட்டம் சொல்வதும் சுவையானது. 12-ஆம் நூற்றாண்டில் கிராசியான் என்னும் அறிஞர் தொகுத்த சட்ட நூலிலே, வேதாகமத்தில் புனிதரான வேடர் எவரும் காணப்படவில்லை, புனிதரான மீனவர் உண்டு என்னும் கருத்து இடம் பெற்றுள்ளது. ஏசா வேடன், இராயப்பரோ மீனவர். 1917-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, 138-ஆம் விதியில், குருக்கள் வேட்டையில் ஈடுபடலாகாது என்றும், ஆரவாரத்தோடு கூடிய வேட்டை அறவே கூடாது என்றும் விதித்தது. மீன்பிடித்தலுக்கு அவ்விதியில் தடை ஏதுமில்லை. குதிரையும் நாய்களும் சூழச் செல்லும் வேட்டை செல்வரின் பொழுதுபோக்கு என்றும், வலை வீசுவது ஏழையின் உணவு என்றும் திருச்சபை வேறுபடுத்திப் பார்த்ததாக நாம் கொள்ளலாம்.

ஆயின் வேட்டைக்கும் ஓர் அறம் உண்டு என்பதை உபாகமம் 22-ஆம் அதிகாரம் மிக எளிய கட்டளை ஒன்றால் காட்டுகின்றது. வழியிலே பறவைக் கூடு ஒன்றைக் கண்டால் குஞ்சுகளை எடுத்துக் கொள்ளலாம். தாய்ப் பறவையை விட்டுவிட வேண்டும். தாயையும் சேர்த்து எடுப்பவன் இன்று இரு மடங்கு உண்பான்; மறு ஆண்டில் அந்தக் கூடு இராது. இதை எழுதியவர் நம் கரையைக் கண்டவரல்லர். ஆனால் நம் கரைக்கு இதைவிடப் பொருத்தமான சட்டம் வேறில்லை.

கொற்கையும் சவேரியாரும்

நம் கரையின் கடல் தொழில் கிறிஸ்தவத்திற்கு மிகவும் முற்பட்டது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'பெரிப்ளூஸ்' என்னும் கடற்பயண நூல் கொற்கையின் முத்துக்குளிப்பைக் குறிப்பிடுகின்றது; தண்டனை பெற்ற குற்றவாளிகளே அங்கு குளித்தனர் என்றும் கூறுகின்றது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இப்பக்கம் வந்த மார்க்கோ போலோ, குளிப்பவர் தாம் எடுத்ததில் பத்தில் ஒரு பங்கை அரசனுக்கும், சுறாவை மந்திரத்தால் கட்டுபவர்க்கு இருபதில் ஒரு பங்கையும் கொடுத்தனர் என்று எழுதினார். சுறாவைக் கட்டும் அவர்களைப் பிற்காலத்தில் 'கடல்கட்டி' என்று அழைத்தனர். கடல் தந்ததைப் பங்கிடும் வழக்கம் எவ்வளவு பழமையானது என்பதற்கு இது சான்று.

1530-களில் முத்துக்குளித்துறையின் பரதவர், கடல் உரிமை பற்றிய சச்சரவில் போர்த்துக்கேயரின் பாதுகாவலை நாடித் திருமுழுக்குப் பெற்றனர். சுமார் 20,000 பேர் என்பர். அதன் பின் சில ஆண்டுகள் அவர்களுக்கு மறையைக் கற்பிப்பார் இல்லை. 1542 அக்டோபரில் புனித சவேரியார் மணப்பாட்டுக்கு வந்த பின்னரே செபங்கள் தமிழில் கற்பிக்கப்பட்டன. 1544-இல் வடுகர் படையெடுப்புக்கு அஞ்சி மக்கள் குமரி முனைப் பாறைகளில் ஒதுங்கி, உணவும் நீருமின்றித் தவித்தபோது, சவேரியார் இருபது தோணிகளில் உதவிப் பொருள்களோடு மணப்பாட்டிலிருந்து புறப்பட்டார். எதிர்க்காற்று அவரைத் தடுத்தது. பிறகு கரையோர ஊர்களில் உதவி திரட்டி அனுப்ப ஏற்பாடு செய்தார். அதே ஆண்டின் இறுதியில் திருவிதாங்கூர்க் கரையின் முக்குவர் சுமார் பத்தாயிரம் பேருக்கு ஒரே மாதத்தில் திருமுழுக்கு அளித்தார்.

சவேரியாருக்குப் பின் வந்த அண்டிரிக் அடிகளார் தமிழைக் கற்று, 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் நூலை அச்சிட்டதை நாம் அறிவோம். அவரே புன்னைக்காயலில் நோயாளிகளுக்கு ஒரு மருத்துவமனையும் தொடங்கினார். அதைத் தாங்கி நின்றது நம் மக்களின் காணிக்கை. கடலில் எடுத்ததில் ஒரு பங்கு பிணியாளருக்குச் சென்றது என்பது நம் மறை வாழ்வின் முதல் ஏடுகளிலேயே எழுதப்பட்டுள்ளது.

முத்துப்பார் கற்பித்த பாடம்

முத்துக்குளிப்பு நினைத்த ஆண்டிலெல்லாம் நடப்பதில்லை. முதலில் பாரைச் சோதிப்பார்கள். சிப்பி எடுத்துப் பார்த்து, முதிர்ந்திருந்தால்தான் குளிப்பு அறிவிக்கப்படும். இளஞ்சிப்பி எனில் பார் மூடியே கிடக்கும். கடல் அமைதியாக இருக்கும் மார்ச், ஏப்ரல் மாதங்களில், காலில் கல்லையும் இடுப்பில் கயிற்றையும் கட்டிக் கொண்டு ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழத்திற்கு இறங்கி, ஒரு நிமிட அளவு மூச்சடக்கிச் சிப்பி சேர்ப்பார்கள். மேலே கயிற்றைப் பிடித்திருப்பவன் கையில் அவன் உயிர். பிற்காலத்தில் இலங்கை அரசு நடத்திய குளிப்புகளில், எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கே குளித்தவர்க்கு; மீதி அரசுக்கு.

கடலின் எதிர்ப்பக்கத்தில், மன்னார்ப் பார்களில் 1905-ஆம் ஆண்டு மட்டும் சுமார் 8 கோடிச் சிப்பிகள் எடுக்கப்பட்டன. மறு ஆண்டில் அந்தப் பார்கள் 20 ஆண்டுக் குத்தகையாக ஒரு லண்டன் கம்பெனிக்கு விடப்பட்டன. 1907-க்குப் பின் சிப்பி இல்லை. 1925 வரை அங்கே குளிப்பே நடக்கவில்லை, கம்பெனியும் கலைந்தது. நம் பக்கத்தில் தூத்துக்குடிப் பார்களில் 1955 முதல் 1961 வரை ஆண்டுதோறும் குளிப்பு நடந்தது. 1961-க்குப் பின் இன்று வரை நடக்கவில்லை. 1973-இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் தூத்துக்குடியிலே சிப்பியை வளர்த்து முத்து விளைவித்துக் காட்டினர். அது அறிவியலின் வெற்றி. ஆனால் பார் திரும்பி வரவில்லை.

மிகுதியாக எடுத்ததே இதற்கெல்லாம் ஒரே காரணம் என்று சொல்வது நியாயமன்று. நீரோட்டம் மாறினால் சிப்பிக் குஞ்சு பாரில் படியாது. மீன்கள் இளஞ்சிப்பியைத் தின்று தீர்ப்பதும் உண்டு. பல நூற்றாண்டுகளாகவே சிப்பி இல்லாத நெடுங்காலங்கள் இருந்திருக்கின்றன. ஆனால் இதிலிருந்து ஒன்று தெளிவு. கடல் நம் கணக்குப் புத்தகத்திற்குக் கட்டுப்பட்டதன்று. இருபது ஆண்டுக்குப் பணம் கட்டினாலும் இருபது ஆண்டுக்குச் சிப்பி தர வேண்டும் என்னும் ஒப்பந்தத்தில் கடல் கையெழுத்திடவில்லை.

சங்கின் அளவை

முத்து நின்ற பின்னும் சங்குக் குளிப்பு நம் கரையிலே தொடர்ந்தது. சங்கு வளையலுக்கு வங்காளம் சென்றது. சங்கின் சதை குளித்தவர் வீட்டு உலைக்குச் சென்றது. சென்னை மாகாணத்தின் மீன்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் என்பார் 1914-இல் சங்கைப் பற்றித் தனி நூலே எழுதினார். அக்காலச் சங்குத்துறையில் ஒரு வழக்கம் இருந்தது. கரைக்கு வந்த சங்குகளைக் குறிப்பிட்ட அளவுள்ள ஒரு துளையிலே இட்டுப் பார்ப்பார்கள். துளையில் நுழையாத பெரிய சங்கு எண்ணிக்கையில் சேரும். துளையில் நுழைந்து விழும் சிறு சங்கை உயிரோடு கடலுக்கே திருப்பி விடுவார்கள்.

இவ்வழக்கத்தை இளைஞர்கள் நினைவிற் கொள்ள வேண்டும் என்று விரும்புகிறோம். மூச்சடக்கி, சுறாவுக்கு அஞ்சாமல், கடலடியிலிருந்து எடுத்து வந்த பொருள் அது. அதைத் திருப்பி விடுவது எளிதன்று. ஆனால் திருப்பி விட்டதனால்தான் மகனுக்கும் பேரனுக்கும் சங்கு இருந்தது.

கரையோரக் கைத்தொழில்

கடல் வேட்டை ஆண்களுக்கு மட்டும் உரியதன்று. நீர் வற்றிய வேளையில் பெண்களும் சிறுவரும் பாறை இடுக்கில் சிப்பியும் மட்டியும் நண்டும் பொறுக்கிக் குழம்புக்குச் சேர்ப்பதை நாம் எல்லாக் கரையிலும் காண்கிறோம். இராமநாதபுரம் கரையிலே பெண்கள் நீரில் மூழ்கிக் கடற்பாசி எடுக்கிறார்கள். அதில் ஒன்றுக்குக் கஞ்சிப்பாசி என்றே பெயர். அப்பாசி பின்னர் தொழிற்சாலைகளுக்கு விற்பனைச் சரக்காயிற்று. 1986-இல் தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்திற்கும் இடையிலுள்ள 21 தீவுகளைக் கொண்டு மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது; தீவுப் பக்கம் போவதே குற்றமாயிற்று. அப்பெண்கள் சோர்ந்து விடவில்லை. தாங்களே கூடிப் பேசி, மாதத்தில் 12 நாட்கள் மட்டுமே பாசி எடுப்பது என்று கட்டுப்பாடு விதித்துக் கொண்டனர். சட்டம் சொல்வதற்காக அன்றி, பாசி மறுபடி வளர வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்தனர். மெத்தப் படித்தவர்கள் அப்பெண்களிடம் பாடம் கேட்கலாம்.

கைவிட வேண்டியிருந்த வேட்டைகளும் உண்டு. ஒரு காலத்தில் நம் கரைகளில் கடலாமை இறைச்சி வெளிப்படையாக விற்கப்பட்டது. ஆமை முட்டையை மணலிலே தோண்டி எடுத்தனர். ஆவுளியா என்னும் கடற்பசுவும் உணவாயிற்று. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இவை இன்று காக்கப்படுகின்றன. கடலட்டைக்கு 2001-இல் தடை வந்தது. பிழைப்பு இழந்தோரின் மனக்குறையை நாம் அறியாமல் இல்லை. எனினும் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி எடுத்ததனால் அந்த 21 தீவுகளுள் இரண்டு நீருக்குள் மூழ்கிப் போனதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தீவு போனால் அதைச் சுற்றி வாழ்ந்த மீனும் போகும்.

பங்கு என்னும் சொல்

'பங்கு' என்னும் சொல்லுக்கு நம் ஊரில் இரண்டு பொருள். கோயிலை மையமாகக் கொண்ட இறைமக்கள் கூட்டம் ஒரு பங்கு. பிடித்த மீனில் ஒருவனுக்குக் கிடைப்பதும் பங்கு. இவ்விரண்டும் ஒரே சொல்லாக அமைந்தது நமக்கு வாய்த்த பேறு.

கரைவலை இழுக்கும் நாளில் கயிற்றில் கை வைத்தவனுக்கெல்லாம் மீன் உண்டு. வள்ளத்திற்கும் வலைக்கும் ஒரு பங்கு, உழைத்தவர்க்கு ஒரு பங்கு. ஏலத்திற்கு முன்னே வீட்டுக் கறிக்கென்று எடுப்பது தனி. விதவைக்கும், நோயால் கடலுக்குப் போக இயலாதவனுக்கும் ஒரு கைப்பிடி மீனாவது போகாமல் மடி காலியாவதில்லை. லூக்காஸ் சுவிசேஷம் ஐந்தாம் அதிகாரத்தில், வலை கிழியும் அளவுக்கு மீன் பட்டபோது இராயப்பர் முதலில் செய்தது என்ன? அடுத்த படகிலிருந்த கூட்டாளிகளைச் சைகை காட்டி அழைத்தார். மிகுதியான பாடு ஒருவனுக்கு மட்டும் உரியதன்று என்பதை அம்மீனவர் அறிந்திருந்தனர்.

கோயிலுக்கும் ஒரு பங்கு இருந்தது. குமரிக் கரையில் அதைக் 'குத்தகை' என்றனர். மீன்பாட்டில் கோயிலுக்குரிய பகுதியை வசூலிக்கும் உரிமையை ஏலத்தில் விடுவார்கள். பல கோயில்களும் பள்ளிகளும் இவ்வகை வருவாயால் எழுந்தவை. ஆயினும் ஏலம் எடுத்தவர் கடுமை காட்டிய இடங்களில் மனத்தாங்கலும் சச்சரவும் எழுந்தன. பாடு இல்லாத நாளிலும் கோயில் கேட்கிறதே என்று மக்கள் வருந்தினர். இதை மறைத்து எழுதினால் அது வரலாறு ஆகாது. ஏழைக்குப் போக வேண்டிய பங்கு ஏழையிடமிருந்தே பிடுங்கப்படுமானால் அதற்குப் பங்கு என்னும் பெயர் பொருந்தாது. மனமுவந்து கொடுத்தால்தான் அது காணிக்கை.

ஞாயிறும் கடலும்

இனி நம் முன்னுள்ள கேள்விக்கு வருவோம். கத்தோலிக்கக் கடற்கரை ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை என்னும் கட்டுப்பாடு தொன்றுதொட்டு வருகின்றது. அண்மைக் காலமாக நம் ஊரிலும், "அடுத்த ஊர்க்காரன் போகிறான், நாம் மட்டும் ஏன் கரையில் இருக்க வேண்டும்?" என்று இளைஞர் சிலர் கேட்கின்றனர். படகுக் கடனும் டீசல் விலையும் அவர்களை அப்படிக் கேட்க வைக்கின்றன. கேள்வியைக் குற்றமாகக் கருதாமல் விடை கூறுவது நம் கடமை.

இக்கேள்வி புதியதன்று. 12-ஆம் நூற்றாண்டில் நோர்வே நாட்டிலிருந்து இதே கேள்வி உரோமைக்குச் சென்றது. அங்கே ஹெர்ரிங் என்னும் மீன், நம் சாளையைப் போல, திரள்திரளாகக் கரைக்கு வரும். வந்த வேகத்தில் போய்விடும். ஞாயிறு என்று காத்திருந்தால் ஆண்டுப் பிழைப்பே போய்விடும். பாப்பரசர் மூன்றாம் அலெக்சாந்தர் அந்நாட்டு நிடரோஸ் பேராயருக்கு விடை அனுப்பினார். அத்தகைய மீன் கரையை நெருங்கும் காலத்தில், ஆண்டின் பெருந்திருநாட்கள் நீங்கலாக, ஞாயிறன்றும் பிடிக்கலாம். ஆனால் பிடித்ததில் தகுந்த பங்கை அண்டையிலுள்ள கோயில்களுக்கும் ஏழைகளுக்கும் கொடுக்க வேண்டும் என்பதே அவ்விடை. அது திருச்சபைச் சட்டத்திலும் சேர்க்கப்பட்டது.

இதில் இரண்டு செய்திகள் அடங்கியுள்ளன. திருச்சபை மீனவனின் வயிற்றை அறியாத தாய் அல்லள். மீன் நாள் பார்த்து வருவதில்லை என்பது அவளுக்குத் தெரியும். அதே வேளையில், விலக்கு என்பது அரிய காலத்திற்கு மட்டுமே. அந்த விலக்கிலும் ஏழையின் பங்கு முதலில் வைக்கப்பட வேண்டும். எல்லா ஞாயிறும் விலக்கு நாள் ஆகுமானால், ஞாயிறு என்பதே இராது.

2004 டிசம்பர் 26-ஐச் சிலர் எடுத்துக் காட்டுவதையும் நாம் கேட்டிருக்கிறோம். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாளாகிய அன்று ஞாயிறு. ஆழ்கடலில் இருந்த படகுகளுக்கு ஆழிப்பேரலை பெரிதாகத் தெரியவில்லை. கரையில் இருந்தோரையே அது வாரிக் கொண்டது. "ஓய்வு நாளைக் காத்ததனால் அல்லவா கரையில் மாட்டினோம்?" என்பது அவர்களின் துயரம். அத்துயரத்தின் முன் தலை வணங்குகிறோம். ஆனால் எந்தக் கிழமையிலும் கடலுக்குச் செல்லாத பெண்களும் பிள்ளைகளும் முதியோருமே அன்று பெருந்தொகையாக மாண்டனர். அலை வேறொரு நாளில் வந்திருந்தாலும் அவர்கள் கரையில்தான் இருந்திருப்பர். ஓய்வு நாள் அவர்களைக் கொல்லவில்லை.

விசைப்படகும் அரசின் சட்டமும்

வரலாற்றில் ஒரு வியப்பு உண்டு. ஹெர்ரிங் மீனைப் பற்றி உரோமையைக் கேட்ட அதே நோர்வே நாட்டின் உதவியோடுதான், 1952-இல் கையெழுத்தான உடன்படிக்கையின்படி, கேரளத்தின் நீண்டகரைப் பகுதியில் நம் நாட்டு மீன்பிடித் தொழிலை நவீனமாக்கும் திட்டம் தொடங்கியது. ஏழை மீனவரை உயர்த்துவதே நோக்கம். ஆனால் இறால் ஏற்றுமதியில் இலாபம் தெரிந்ததும், 1960-களிலிருந்து இழுவலைப் படகுகள் பெருகின. கட்டுமரக்காரர் விரித்த வலைகள் அறுபட்டன. கடலிலும் கரையிலும் மோதல்கள் நடந்தன. 1983-இல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. கரையிலிருந்து 3 கடல் மைல் வரையுள்ள பகுதி விசையில்லாக் கலங்களுக்கு ஒதுக்கப்பட்டது. நமது பங்கின் ஐம்பது ஆண்டும் இந்தப் போராட்டத்தின் ஊடேதான் கழிந்திருக்கின்றன.

2001 முதல் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 தொடங்கி 45 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் விதிக்கப்பட்டது. 2017 முதல் அது ஜூன் 14 வரை 61 நாட்கள் ஆயிற்று. மீன் முட்டையிட்டுப் பெருகட்டும் என்பதே அரசு கூறும் காரணம். சுருக்குமடி வலையைத் தமிழக அரசு 2000-ஆம் ஆண்டில் தடை செய்தது. 2023-இல் உச்ச நீதிமன்றம் இடைக்கால அனுமதி அளித்தபோதும், 12 கடல் மைலுக்கு அப்பால், வாரத்தில் இரண்டு நாட்கள் மட்டும் என்று கட்டுப்பாடு வைத்தே அளித்தது. கோயில் விதித்த ஓய்வைப் பழைய வழக்கம் என்று தள்ளுபவர்கள், அரசும் நீதிமன்றமும் ஓய்வு நாளைத்தான் விதிக்கின்றன என்பதைக் கவனிக்க வேண்டும்.

அண்மைக் கடலில் மீன் குறைந்தால் படகு தொலைவுக்குப் போகும். குமரி மேற்குக் கரையின் தூத்தூர் வட்டாரத்தார் சுறா தேடி அரபிக் கடலின் ஆழத்திற்குச் செல்லும் வீரர்கள். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் எழுந்தபோது, நாட்கணக்கில் கடலில் தங்கியிருந்த அவர்களுள் பலர் திரும்பவில்லை. சவேரியார் திருநாளுக்கு மூன்று நாட்களுக்கு முன் நேர்ந்த அத்துயரத்தை நம் கரை இன்னும் மறக்கவில்லை. மாண்ட அனைவரின் ஆன்மாக்களும் இறைவனில் இளைப்பாறுவதாக.

ஜூபிலியில் நாம் செய்யத்தக்கது

பங்கு மக்களே, விழாவுக்கு வாண வேடிக்கையும் தேரும் உண்டு, அவை வேண்டும். அவற்றோடு, ஜூபிலியின் உண்மையான பொருளுக்கு ஏற்ற மூன்று தீர்மானங்களைப் பங்குப் பேரவையின் முன்னும் ஊர்க் கமிட்டியின் முன்னும் பணிவோடு வைக்கிறோம்.

முதலாவது, ஞாயிறு ஓய்வு தொடரட்டும். சாளையோ நெத்திலியோ திரளாகக் கரையை அடையும் அரிய நாளில் விலக்கு வேண்டுமாயின், ஊர் கூடி முடிவு செய்யட்டும். அன்றைய பாட்டில் முதற்பங்கு விதவைகளுக்கும் நோயாளிகளுக்கும் ஒதுக்கப்படட்டும். அதில் கோயிலுக்கென்று நாம் எதுவும் கேட்கவில்லை.

இரண்டாவது, மீன்குஞ்சை வாரும் சிறுகண் வலையை நம் ஊர்ப் படகில் ஏற்றுவதில்லை என்று உறுதி கொள்வோம். உயிரோடு வரும் சிங்கி இறால் சினையோடிருந்தால் அங்கேயே நீரில் விடுவோம். சங்கின் அளவைத் துளையை நினைவிற் கொள்வோம். கூட்டில் தாய்ப் பறவையை விடச் சொன்ன கட்டளையையும் நினைவிற் கொள்வோம்.

மூன்றாவது, முதியோரிடம் இன்னும் மிஞ்சியிருக்கும் கடல் அறிவை இளையோர் கேட்டு எழுதி வைக்கட்டும். எந்தப் பாருக்கு எந்த அடையாளம், எந்தக் காற்றுக்கு எந்த மீன் என்பதெல்லாம் ஏட்டில் இல்லை. இன்று கருவி இடத்தைக் காட்டிவிடும். ஆனால் எங்கே எடுக்கலாம், எப்போது விட வேண்டும் என்பதை அது கூறாது. மறைக்கல்வி வகுப்பு நடக்கும் அறையிலேயே மாதம் ஒரு மாலை இதற்கென ஒதுக்க நாம் ஆயத்தமாயிருக்கிறோம்.

ஐம்பது ஆண்டுகளாக இக்கடல் நமக்கு உணவளித்தது, நம் பிள்ளைகளைப் படிக்க வைத்தது, இக்கோயிலை எழுப்பியது. நாம் அதற்கு ஒரு விதையும் இடவில்லை. நாம் திருப்பிக் கொடுக்கக் கூடியது ஓய்வு ஒன்றே. அதை மனமுவந்து கொடுப்போமாக. நம் நூற்றாண்டு விழா மலரைப் படிக்கப் போகும் பிள்ளைகளும் மீன்பாட்டைப் பற்றிப் பேசும் பேற்றைப் பெறுவார்களாக. கடலின் விண்மீனாகிய மரியன்னையின் பரிந்துரையாலும், நம் கரையின் அப்போஸ்தலராகிய புனித சவேரியாரின் செபத்தாலும், கடலுக்குச் செல்லும் ஒவ்வொருவரும் பாட்டோடும் பத்திரமாகவும் கரை சேர இறைவன் அருள் புரிவாராக.

கிறிஸ்துவில் அன்புள்ள,
பங்குத் தந்தை